ரிப்போர்ட் மட்டும் ஊருக்கு: கூட்டுத் தேர்வாணையக் கேள்வி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்து மாடியில் இருபது பேர் வரை கூடுவோம். பாதிப் பேர் டிஎன்பிஎஸ்சி குரூப் தேர்வுகளுக்குப் படிப்பவர்கள், நாலைந்து பேர் யுபிஎஸ்சி, அதாவது ஒன்றியத் தேர்வாணையத்தின் தேர்வுக்கு. நான் பாடம் எடுப்பவன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. கேள்வித்தாள் தயாரித்து, திருத்தி, தப்பு எங்கே வந்தது என்று பேச வைப்பது என் வேலை. ஒரு ஞாயிறு இருபத்தைந்து கேள்விகள் கொடுத்தேன். அதில் பதினேழாவது கேள்வியில் கிட்டத்தட்ட மொத்த மாடியும் சறுக்கியது. சுலபமான கேள்வி என்று நினைத்துத்தான் அதை வைத்திருந்தேன்.

இரண்டோ அதற்கு மேலோ மாநிலங்கள் சேர்ந்து பொதுவாக வைத்துக்கொள்ளும் தேர்வாணையம் பற்றியது அது. கேள்வி இதுதான். கூட்டு மாநில அரசுப் பணியாளர் தேர்வாணையம் பற்றிய கூற்றுகளில் எத்தனை சரி?

1. சம்பந்தப்பட்ட மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் நிறைவேற்றிய பிறகு, நாடாளுமன்றம் சட்டம் இயற்றி இதை அமைக்கலாம்.

2. இதன் தலைவரையும் உறுப்பினர்களையும் அந்தந்த மாநில ஆளுநர்கள் கலந்து பேசி நியமிப்பார்கள்.

3. இது தன் ஆண்டறிக்கையைக் குடியரசுத் தலைவரிடம் அளிக்கும்.

4. உறுப்பினரின் பதவிக்காலம் ஆறு ஆண்டுகள் அல்லது 62 வயது, எது முந்தியதோ அதுவரை.

ஒன்று மட்டும், இரண்டு மட்டும், மூன்று மட்டும், நான்கும் என்று விடைகள். யுபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வில் 2023ல் இருந்து இந்த 'எத்தனை சரி' வகைக் கேள்விகள் குவிய ஆரம்பித்துவிட்டன. ஒரு கூற்றைப் பிடித்துக்கொண்டு மற்ற விடைகளைத் தள்ளிவிடும் பழைய வித்தை இதில் செல்லாது. நாலும் தெரிந்தாக வேண்டும்.

சரியான விடை: இரண்டு மட்டும். ஒன்றும் நாலும் சரி.

தாள்களைத் திருத்தும்போது தெரிந்த விஷயம் சுவாரஸ்யமாக இருந்தது. பெரும்பாலோர் 'மூன்று மட்டும்' என்று போட்டிருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் எந்த மூன்று என்று கேட்டேன். ஒரே பதில்: ஒன்று, மூன்று, நான்கு. அதாவது நியமனம் ஆளுநர் கையில் இல்லை, குடியரசுத் தலைவர் கையில்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அந்த மனப்பாடமே அவர்களைக் கவிழ்த்திருக்கிறது. நியமிப்பவரும் நீக்குபவரும் குடியரசுத் தலைவர் என்றால் ரிப்போர்ட்டும் அவருக்குத்தானே போகும் என்று கை தானாகப் போயிருக்கிறது.

இரண்டு பேர் 'ஒன்று மட்டும்' என்று போட்டிருந்தார்கள். ஆண்டறிக்கையை ஒழுங்காகப் பிடித்தவர்கள், வயதில் விட்டார்கள். குடியரசுத் தலைவர் நியமிப்பதால் யுபிஎஸ்சி மாதிரி 65 என்று நினைத்துவிட்டார்கள்.

இன்னொரு தாள்தான் என்னை யோசிக்க வைத்தது. கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற ஒரு தங்கை 'இரண்டு மட்டும்' என்று சரியாகப் போட்டிருந்தாள். பாராட்டலாம் என்று கூப்பிட்டு எந்த இரண்டு என்று கேட்டால், "மூணும் நாலும்ண்ணா" என்கிறாள். ஒன்றாம் கூற்றைத் தப்பு என்று அடித்திருக்கிறாள். "ஆளுநர் கேட்கணும், குடியரசுத் தலைவர் சம்மதிக்கணும், அப்படித்தானே படிச்சேன்?" என்றாள். இரண்டு தப்பும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு முழு மதிப்பெண் வந்துவிட்டது. இந்த வகைக் கேள்வியில் இது ஒரு ஆபத்து. மாதிரித் தேர்வில் மார்க் வந்தால் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறோம். இதே விஷயம் வேறு வரிசையில் கேட்கப்பட்டால் இரண்டு மார்க்கும் போய், நெகட்டிவாக 0.66ம் போகும். டிஎன்பிஎஸ்சியில் நெகட்டிவ் மார்க் இல்லை என்றாலும், அங்கே கட்-ஆஃப் நிற்கும் நெரிசலில் ஒரு கேள்வியே பெரிய விஷயம்.

அவள் சொன்னது அவள் இட்டுக்கட்டியதல்ல. அது அரசியலமைப்பின் 315ஆம் பிரிவிலேயே இருக்கிறது, ஆனால் வேறு உட்பிரிவில். அதனால் அன்றைக்கு மற்றக் கேள்விகளை ஓரம் கட்டிவிட்டு அரசியலமைப்புச் சட்டப் புத்தகத்தையே எடுத்து வைத்துக்கொண்டோம்.

315ஐ மெதுவாகப் படித்தால் ஒரு கதை மாதிரி போகிறது. முதல் உட்பிரிவு, ஒன்றியத்துக்கு ஒரு ஆணையம், ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு ஆணையம் என்கிறது. இரண்டாவது, மாநிலங்கள் சேர்ந்து ஒன்று வைத்துக்கொள்ள விரும்பினால் என்ன செய்வது என்பதைச் சொல்கிறது. இரண்டோ அதற்கு மேலோ மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு ஒவ்வொரு மாநிலத்தின் சட்டமன்றத்திலும், அவை ஒன்றாக இருந்தால் அதிலும், இரண்டாக இருந்தால் ஒவ்வொன்றிலும் தீர்மானம் நிறைவேற வேண்டும். அதன்பிறகு நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம். 'இயற்றலாம்' என்றுதான் இருக்கிறது, இயற்றியே ஆக வேண்டும் என்று இல்லை.

'ஒவ்வொரு அவையிலும்' என்ற சொல்லை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதைப் பலகையில் ஒரு கணக்காகப் போட்டேன். தமிழ்நாடும் கேரளமும் கூட்டு ஆணையம் கேட்டால் எத்தனை தீர்மானம்? இரண்டு. தமிழ்நாட்டில் சட்ட மேலவை 1986ல் கலைக்கப்பட்டது, கேரளத்தில் மேலவையே கிடையாது. தமிழ்நாடும் கர்நாடகமும் என்றால்? மூன்று, அங்கே மேலவை இருக்கிறது. ஆந்திரமும் தெலங்கானாவும்? நாலு. இரண்டிலும் மேலவை உண்டு. மேலவை இருக்கிற ஆறு மாநிலங்களின் பட்டியல் தனியாக மனப்பாடம் செய்கிறார்கள், 315 தனியாக மனப்பாடம் செய்கிறார்கள். இரண்டும் ஒரே கேள்வியில் வந்து நிற்கலாம் என்பது இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் அவர்களுக்கு உறைத்தது.

தங்கை சொன்னது நாலாவது உட்பிரிவு. ஒரு மாநில ஆளுநர் கேட்டுக்கொண்டால், குடியரசுத் தலைவர் ஒப்புதலுடன், யுபிஎஸ்சியே அந்த மாநிலத்தின் தேவைகளை முழுதாகவோ பகுதியாகவோ கவனித்துக்கொள்ள ஒப்புக்கொள்ளலாம். இதில் சட்டமன்றத் தீர்மானமும் இல்லை, புதிய சட்டமும் இல்லை, புதிய அமைப்பும் இல்லை. இருக்கிற கடையில் இன்னொரு கவுண்டர் திறப்பது மாதிரி. கூட்டு ஆணையம் என்பது புதுக் கடை, அதற்கு லைசன்ஸ் வாங்க நாடாளுமன்றம் வரை போக வேண்டும்.

குழப்பத்துக்கு மூன்றாவதாக 320(2) ஒன்று இருக்கிறது. சிறப்புத் தகுதி தேவைப்படும் பணிகளுக்கு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்து ஆளெடுக்க விரும்பிக் கேட்டால், அந்தக் கூட்டு ஆள்சேர்ப்புத் திட்டத்தை வகுக்கவும் நடத்தவும் யுபிஎஸ்சி உதவ வேண்டும். இங்கே கூட்டாக இருப்பது ஆள்சேர்ப்பு மட்டும். ஆணையங்கள் அவரவர் இடத்தில் அப்படியே இருக்கும். கேள்வி தயாரிப்பவர்களுக்கு இந்த மூன்றும் ஒரே தட்டில் வைக்கப்பட்ட லட்டு. ஐஏஎஸ், ஐபிஎஸ்ஸில் வரும் அசாம்-மேகாலயா கூட்டுக் கேடரை, அதாவது இரண்டு மாநிலங்களுக்கும் பொதுவான அதிகாரிகள் பிரிவைக் கூட்டு ஆணையத்துக்கு உதாரணமாக எழுதியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது.

சரி, நியமனம் ஏன் குடியரசுத் தலைவர் கையில்? இந்தக் கேள்விக்கு ஆணையங்களை ஒப்பிடும் அட்டவணையில் பதில் இருக்காது. பழைய சட்டத்தில் இருக்கிறது.

1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் 264ஆம் பிரிவு, மாகாணங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு ஒரே ஆணையம் வைத்துக்கொள்ளலாம் என்றது. ஒரு மாகாணத்தின் ஆணையமே மற்றவற்றுக்கும் வேலை செய்யலாம், அல்லது எல்லோருக்கும் பொதுவாக ஒன்று வைக்கலாம். அப்படிப் பொதுவாக வைத்தால், ஆளுநர் செய்ய வேண்டிய வேலைகளை எந்த ஆளுநர் அல்லது ஆளுநர்கள் செய்வார்கள் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். அதாவது அன்றைக்கு நம் இரண்டாம் கூற்று மாதிரி ஒரு ஏற்பாடு சாத்தியம்தான். 1950ல் வந்த அரசியலமைப்பு அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டது. இரண்டு மாநிலங்களுக்கு நடுவே யார் பெரியவர் என்ற பேச்சு வரக்கூடாது என்றால் இரண்டுக்கும் மேலே இருக்கிற ஒருவரிடம் கொடுத்துவிடுவதுதான் வழி. அதனால் நியமனம், தற்காலிகத் தலைவர், ராஜினாமா, இடைநீக்கம், பதவிநீக்கம், எத்தனை உறுப்பினர்கள் என்ற முடிவு, பணி நிபந்தனை எல்லாமே குடியரசுத் தலைவர் பக்கம் போய்விட்டன.

இந்தப் பழைய ஏற்பாடு காகிதத்தில் மட்டும் இருக்கவில்லை. பீகார், ஒரிசா, மத்திய மாகாணம்-பேரார் மூன்றுக்கும் ஒரே ஆணையம் இருந்தது. 1949 ஏப்ரல் 1ல் அது பிரிந்து பீகாருக்கும் ஒரிசாவுக்கும் தனித்தனி ஆணையங்கள் வந்தன. பீகார் ஆணையம் தொடக்கத்தில் ராஞ்சியில் இருந்துகொண்டே வேலை செய்து, 1951 மார்ச்சில்தான் பாட்னாவுக்கு வந்தது. கவனித்தால் ஒரு வேடிக்கை தெரியும். அரசியலமைப்பு நடைமுறைக்கு வருவதற்குப் பத்து மாதம் முன்பே, கூட்டாக இருந்தவர்கள் பிரிந்து போய்விட்டார்கள். பிரிந்து போனவர்களுக்காக எழுதிய மாதிரி 315(2) உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது. நம் மதராஸ் மாகாணம் இந்தக் கூட்டுக்கெல்லாம் போகவே இல்லை. 1929லேயே சொந்தச் சட்டம் போட்டு, நாட்டிலேயே முதலாவதாகத் தனக்கென்று ஒரு சர்வீஸ் கமிஷன் வைத்துக்கொண்டது. இன்றைய டிஎன்பிஎஸ்சி அதன் வழி வந்ததுதான்.

கைடுகள் எல்லாம் கூட்டு ஆணையத்துக்குத் தவறாமல் சொல்லும் உதாரணம், 1966ல் ஹரியானா உருவானபோது பஞ்சாபும் ஹரியானாவும் கொஞ்ச காலம் என்பது. அந்த ஒரு வரியை வைத்து எதையும் புரிந்துகொள்ள முடியாது என்பது என் அபிப்பிராயம். அதைவிட ஆந்திரத்தில் இருந்து தெலங்கானா பிரிந்த 2014 நல்ல பாடம், அதில் கூட்டு ஆணையம் வராமல் போனதால்.

ஆந்திரப் பிரதேச மறுசீரமைப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். பத்து ஆண்டுக்கு மிகாமல் ஹைதராபாத் பொதுத் தலைநகரம். உயர்நீதிமன்றமும் பொது, 2019 ஜனவரி 1ல்தான் ஆந்திராவுக்குத் தனி உயர்நீதிமன்றம் வந்தது. ஆளுநர்கூட ஒரே ஆள், இ.எஸ்.எல். நரசிம்மன். இவ்வளவையும் பொதுவாக வைத்தவர்கள் தேர்வாணையத்தை மட்டும் பொதுவாக வைக்கவில்லை. 83ஆம் பிரிவு என்ன சொன்னது? இருக்கிற ஆந்திரத் தேர்வாணையம் (ஏபிபிஎஸ்சி) அப்படியே புதிய ஆந்திரத்தின் ஆணையமாகிவிடும். தெலங்கானா தனக்கென்று ஒன்றை அமைத்துக்கொள்ளும். அதுவரை 315(4)ன்படி, குடியரசுத் தலைவர் ஒப்புதலுடன் யுபிஎஸ்சி தெலங்கானாவின் தேவைகளைக் கவனிக்க ஒப்புக்கொள்ளலாம்.

ஏன் இப்படி என்று மாடியில் கேட்டேன். கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். அப்புறம் பின்வரிசையில் இருந்து ஒரு தம்பி, "தீர்மானம் போடத் தெலங்கானா சட்டமன்றமே அப்ப இல்லையேண்ணா" என்றான். அதுதான் விஷயம். 315(2) வழியில் போக, இரண்டு மாநிலங்களும் ஏற்கனவே இருக்க வேண்டும், இரண்டின் அவைகளும் உட்கார்ந்து வாக்களிக்க வேண்டும். பிறக்கப் போகிற மாநிலத்துக்கு அது உதவாது. போதாததற்கு அன்றைய ஆந்திரச் சட்டப்பேரவை 2014 ஜனவரி 30ல் பிரிவினை மசோதாவையே குரல் வாக்கெடுப்பில் நிராகரித்திருந்தது. அங்கே ஒத்துப்போகும் தீர்மானத்தை யார் எதிர்பார்க்க முடியும்? நாலாவது உட்பிரிவு இந்த இடைவெளிக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. தெலங்கானாவும் அதே ஆண்டிலேயே தன் ஆணையத்தை அமைத்துவிட்டது. 2019ல் லடாக் தனி யூனியன் பிரதேசமானபோதும் அதன் ஆள்தேர்வு யுபிஎஸ்சி பொறுப்புக்குத்தான் போனது.

இந்த ஒரு நிகழ்வைச் சொன்ன பிறகு (2)க்கும் (4)க்கும் உள்ள வித்தியாசத்தை அவர்களில் ஒருவர்கூட மறக்கவில்லை. அட்டவணையை நான் அதற்கு முன் நாலு தடவையாவது எழுதிப் போட்டிருப்பேன்.

மெயின்ஸ், அதாவது விரிவாக விடை எழுதும் முதன்மைத் தேர்வு எழுதுபவர்கள் இங்கே இன்னொரு கேள்வி கேட்டார்கள். இன்று சிக்கிம், கோவா உட்பட எல்லா மாநிலங்களும் தனி ஆணையம் வைத்திருக்கின்றன. செலவு குறையுமே, ஏன் ஒருவரும் சேரவில்லை? என் பதில், சேர்ந்து பார்த்தால் முதல் கேள்வித்தாளிலேயே சண்டை வரும் என்பதுதான். டிஎன்பிஎஸ்சி தேர்வுகளில் 2021 அரசாணைக்குப் பிறகு தமிழ்த் தாள் கட்டாயம், அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்றதைத் திருத்தவே மாட்டார்கள். இடஒதுக்கீடு இங்கே 69 சதவீதம், பக்கத்து மாநிலத்தில் வேறு கணக்கு. சுழற்சி வரிசை வேறு, பாடத்திட்டத்தில் மாநில வரலாறு வேறு. பேருக்கு ஒரே ஆணையம், உள்ளே இரண்டு ஆபீஸ் என்றுதான் முடியும். அதோடு, சொந்த ஆணையத்தின் உறுப்பினர்களை மாநில அமைச்சரவையின் ஆலோசனைப்படி ஆளுநர் நியமிக்கிறார். கூட்டு ஆணையம் என்றால் அந்தப் பிடி டெல்லிக்குப் போய்விடும். எந்த மாநிலம் கேட்டு வாங்கி அதைக் கொடுக்கும்? இப்படி எழுதினால் விடையில் உயிர் இருக்கும். 'செலவு குறையும், திறன் கூடும்' என்று நிறை குறை அடுக்குவது எல்லாத் தாளிலும் இருக்கும்.

கூட்டு ஆணையம் அரசியலமைப்பு சார்ந்த அமைப்பா, சட்டப்பூர்வ அமைப்பா என்ற பழைய தகராறும் வந்தது. ஓஎம்ஆர் தாளில் சட்டப்பூர்வ அமைப்பு என்றே நிரப்புங்கள். நாடாளுமன்றச் சட்டத்தால் பிறப்பது என்பதால் விடைக்குறிப்புகள் அப்படித்தான் இருக்கும். மனதுக்குள் எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. அதன் உறுப்பினரின் வயது வரம்பு, நீக்கும் முறை எல்லாம் அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கும்போது, அதை வேறு ஏதோ ஒரு வாரியத்தோடு சேர்த்து வைப்பது ஒட்டவில்லை. ஆனால் தேர்வறையில் என் மனது யாருக்கு வேண்டும்?

வயது விஷயத்தில் ஒரு வரி போதும். யுபிஎஸ்சி 65. மாநிலமும் கூட்டும் 62, முன்பு 60 ஆக இருந்ததை 1976ல் 41ஆவது திருத்தம் உயர்த்தியது. வேலையின் அளவில் கூட்டு ஆணையம் மாநில ஆணையத்தின் உறவு, அதிகாரக் கயிற்றில் யுபிஎஸ்சியின் உறவு என்று வைத்துக்கொண்டால் இது குழம்பாது.

கடைசியில் எல்லோரையும் கவிழ்த்த மூன்றாம் கூற்றுக்கு வந்தோம். 323(2)ஐ ஒருவரை நிற்க வைத்துச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். கூட்டு ஆணையம் தான் சேவை செய்யும் ஒவ்வொரு மாநிலத்தின் ஆளுநருக்கும், 'அந்த மாநிலம் தொடர்பாக' தான் செய்த பணி பற்றி ஆண்டுதோறும் அறிக்கை அளிக்க வேண்டும். ஆளுநர் அதைச் சட்டமன்றத்தில் வைப்பார். ஆணையத்தின் ஆலோசனையை அரசு ஏற்காத இடங்கள் இருந்தால், ஏன் ஏற்கவில்லை என்ற விளக்கக் குறிப்பும் கூடவே போகும்.

அந்த விளக்கக் குறிப்பில்தான் காரணம் இருக்கிறது. ஆலோசனையை ஏற்காமல் விட்டது யார்? மாநில அரசு. அதைக் கேள்வி கேட்க வேண்டியது யார்? அந்த மாநிலச் சட்டமன்றம். டெல்லியில் குடியரசுத் தலைவர் மேசைக்கு இந்தக் காகிதம் போனால், நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு மாநிலத்தின் தாசில்தார் நியமனத்தைப் பற்றி என்ன கேட்பார்கள்? பலகையில் பெரிதாக எழுதிப் போட்டேன்: எல்லாம் டெல்லி, ரிப்போர்ட் மட்டும் ஊருக்கு.

அடுத்த ஞாயிறு அதே விஷயத்தை வேறு வடிவில் வைத்தேன். ராஜினாமாக் கடிதம் யாருக்கு, தெலங்கானாவுக்கு 2014ல் எந்த உட்பிரிவு, உத்தரப் பிரதேசமும் பீகாரும் சேர்ந்தால் எத்தனை தீர்மானம் என்று. இந்தத் தடவை தாளில் விடைக்குப் பக்கத்தில் எந்தக் கூற்று சரி என்பதையும் எழுதச் சொல்லிவிட்டேன். கூட்டுறவுச் சங்கத் தங்கை எல்லாமே சரி, காரணத்தோடு.

கலையும் நேரத்தில் அவளேதான் கேட்டாள்: "அண்ணா, ரெண்டு மாநிலத்துக்கும் நரசிம்மன் மாதிரி ஒரே ஆளுநரா இருந்தா, ரிப்போர்ட் ஒண்ணு போதுமா?"

1956ல் வந்த ஏழாவது திருத்தம் 153ஆம் பிரிவில், ஒருவரே பல மாநிலங்களுக்கு ஆளுநராக இருக்கலாம் என்று சேர்த்தது. ஆள் ஒன்று, பதவி இரண்டு. 323(2)ல் 'அந்த மாநிலம் தொடர்பாக' என்ற சொற்களை அவளையே மறுபடி படிக்கச் சொன்னேன். படித்துவிட்டுச் சிரித்தாள். "அப்ப ஒரே மேசைக்கு ரெண்டு கவர் போகும்."